சுறாவா இருக்கப் போறியாலே?

ஏலே பேராண்டி, கம்பெனி செலவுல உங்களையெல்லாம் ஒரு ஏசி ஹாலுக்குள்ள அடைச்சு வச்சு, டை கட்டின ஒருத்தன் "சுறாவா இரு, குரங்கா இருக்காதே"ன்னு ஓதினானாமே. உங்க அம்மை சொன்னா. நீயும் அதை மண்டையில ஏத்திக்கிட்டு, வாயைப் பொளந்த சுறாப் படம் ஒண்ணைச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கியாம். நல்ல காரியம்லே. பல்லித் தொல்லையாவது குறையும்.

நான் அஞ்சாம் கிளாஸோட நின்னவன். ஆனா அந்த டைக்காரனுக்கு இல்லாத வசதி ஒண்ணு எனக்கு இருக்கு. நம்ம ஊர்ல கிழக்க பஸ் ஏறினா உவரிக் கடல், மேற்க நடந்தா நம்பி மலை. சுறாவை நான் மீன் ஏலத்துல பார்த்திருக்கேன். குரங்கை நம்ம வீட்டு ஓட்டு மேலயே பார்த்திருக்கேன். மீதி விவரமெல்லாம் நாகர்கோவில்ல விலங்கியல் படிக்காளே உன் சித்தப்பா மக, அவ புஸ்தகத்தை விரிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டினது. அவ சொல்லுதை நான் அப்படியே நம்புதேன். ஏன்னா அவ என்கிட்ட பீஸ் வாங்கல.

மொதல்ல ஒரு கேள்வி. சுறாவா இருன்னானே, எந்தச் சுறாவா இருக்கணும்னு சொன்னானா? உலகத்துல சுறா 500 வகைக்கு மேல இருக்காம்லே. உன் செவுத்துல இருக்கது பெரிய வெள்ளைச் சுறா. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கான்னு குளிர்ந்த தண்ணியில 6 மீட்டர் வரைக்கும் வளருற சாமான் அது. நம்ம ஏலத்துல ஒருநாளும் நான் அதைக் கண்டதில்ல. நம்ம சட்டிக்கு வர்றது பால்சுறா. பொதுவா ஒண்ணே கால் கஜத்துக்குள்ள அடங்கிரும். ரொம்ப நல்லா வளர்ந்தாலும் 178 சென்டிமீட்டர்தான், உன் உயரம். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, நீண்ட மூக்கு, பெரிய கண்ணு. சின்ன மீனு, கணவாய், எறான்னு கெடைச்சதைத் தின்னுட்டுக் கரையோரத் தண்ணியில திரியும். செங்கடல்ல பிடிச்ச ஒண்ணை வச்சு, 1837-ல ரூப்பெல்னு ஒரு ஜெர்மன்காரர் அதுக்குப் பேர் வச்சாராம். அதுக்காக நம்ம கெழவிக யாரும் காத்துக்கிட்டு இருக்கல.

அவங்க என்ன செஞ்சாங்கன்னு உனக்கே தெரியும். மஞ்சப்பொடி போட்டு வேக வச்சு, அந்தச் சொரசொரத் தோலை உரிச்சு, நல்லாப் பிழிஞ்சு, உதிர்த்து, சின்ன உள்ளியும் பூண்டும் பச்சமொளகாயும் தாளிச்சு, கடைசியில நல்லமொளகு தூவி எறக்குனா, அதுதான் உன் டைக்காரன் சொன்ன கடலோட ராசா. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்னு ஒரு வாரம் விடாமக் கொடுப்பாங்க. உன்னைப் பெத்தப்போ உங்க அம்மைக்கும் கொடுத்தோம். ஆக நீ சுறாவா ஆகணும்னு தனியாப் பாடுபட வேண்டாம்லே. கொஞ்சம் ஏற்கெனவே உள்ள போயிருக்கு.

சரி, அவன் சொன்ன காரணத்துக்கு வருவோம். சுறா ஒரு நிமிசம் நிக்காதாம், முன்னேறிக்கிட்டே இருக்குமாம், நின்னா செத்துருமாம். இதுல பாதி நெசம். கடலடியில படுத்துக்கிட்டே மூச்சு விடுற சுறாவும் உண்டு. ஆனா பால்சுறா கூட்டத்துல பலதும் வாயைத் திறந்துக்கிட்டு நீந்தினாத்தான் தண்ணி செவுள் வழியாப் போகும், மூச்சு கிடைக்கும். அதுபோக, மத்த மீன் பலதுக்கும் வயித்துக்குள்ள ஒரு காத்துப்பை உண்டு, சும்மாவே மெதக்கும். சுறாவுக்கு அது கிடையாது. ஈரல்ல இருக்க எண்ணெய் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். மத்தபடி ஓட்டத்தை நிறுத்தினா கீழ எறங்கிரும். அது ஓடுதது லட்சியத்துக்காக இல்லலே, மூச்சுக்காக. மாசம் பொறந்தா வீட்டுக் கடன் தவணைக்கு நீ ஓடுதியே, அந்த ஓட்டம்தான் இது. இதைச் சொல்ல ரெண்டு நாள் வகுப்பு எதுக்கு?

இன்னொரு சேதி அவன் சொல்லியிருக்க மாட்டான். சுறாவுக்குப் பின்னால நீந்த வராது. செவுள் வலையில மூஞ்சியைக் கொடுத்துட்டா, ரெண்டு சாண் பின்னால வந்தா தப்பிச்சிரலாம். அது முன்னால முட்டும், இன்னும் இறுகும். முன்னேறிக்கிட்டே இருக்கவன் இருக்கதாலதான் வலைக்காரன் அடுப்பு எரியுது. போன வருசம் அந்த ஷேர் மார்க்கெட்டுல நீ முட்டின முட்டை நான் இப்போ சொல்லிக் காட்டப் போறதில்ல.

ரத்த வாடை பிடிக்குமாமே? பிடிக்கும். பத்து லட்சம் பங்கு தண்ணியில ஒரு பங்கு கலந்தாலே சில சுறாவுக்குத் தெரிஞ்சிருமாம். அதுக்காக ஒரு சொட்டு விழுந்தா மொத்தக் கடல்ல இருக்க சுறாவும் ஓடிவரும்னு சொல்லுதது சினிமா. அதைவிடப் பெரிய அதிசயம் அதோட மூக்குல இருக்கு. சின்னச் சின்னப் பொத்தல் பொத்தலா, உள்ள பசை மாதிரி நெறஞ்சிருக்கும். 1678-லயே லொரென்சினின்னு ஒரு இத்தாலிக்காரர் எழுதி வச்சிருக்கார். மணலுக்குள்ள ஒளிஞ்ச மீனோட சதை துடிக்கும்போது வர்ற துளி மின்சாரத்தை அந்தப் பொத்தல் கண்டுபிடிச்சிரும். உனக்கு அப்படி ஒரு மூக்கு இருந்திருந்தா, போன தடவை ஆள் குறைப்பு வரப்போகுதுன்னு காவலாளிக்குத் தெரிஞ்ச பெறவும் உனக்குத் தெரியாம இருந்திருக்காது.

பல்லு விசயத்துல மட்டும் எனக்கு அது மேல பொறாமைலே. விழ விழ பின் வரிசையில இருந்து புதுசு முன்னால நகர்ந்து வந்துக்கிட்டே இருக்குமாம், சாவுற வரைக்கும். நான் இங்க முறுக்கை டீயில நனைச்சுத் திங்கேன். சுறாகிட்ட கத்துக்க ஒண்ணு இருக்குன்னா எனக்கு அதுதான் வேணும். அதைச் சொல்லிக் கொடுக்க எவனும் வகுப்பு நடத்தல.

உடம்புல ஒரு எலும்பு கிடையாது, அது உனக்குத் தெரியுமா? எல்லாம் குருத்து. முதுகுத்தண்டும் குருத்துதான். நல்லா வளையும். இதைக் கேட்டப்போ எனக்குச் சந்தேகமா இருந்தது, அந்த டைக்காரன் கம்பெனிக்காரன்கிட்ட பேசி வச்சுத்தான் சுறாவைத் தேர்ந்தெடுத்தானோன்னு. இன்னும் இருக்கு கேளு. பல வகைச் சுறாவைப் பிடிச்சு மல்லாக்கப் புரட்டிப் போட்டா, அப்படியே மயங்கிக் கெடக்குமாம், கொஞ்ச நேரம் அசையாது. ஆராய்ச்சிக்காரங்க அந்த நேரத்துல அளவு எடுத்து, ஊசி போட்டு, அடையாளச் சீட்டும் மாட்டிருவாங்களாம். வருசா வருசம் மார்ச் மாசம் உன் மேலதிகாரி உன்னை உள்ள கூப்பிட்டு, "நீதான் இந்தக் கம்பெனியோட தூண்"னு சொல்லி முதுகைத் தடவி அனுப்புதானே, சம்பளம் எவ்வளவு கூடிச்சுன்னு ராத்திரி வீட்டுக்கு வந்த பெறவுதானே உனக்கு நெனைப்பு வருது?

இப்போ நம்ம குரங்குக்கு வா. குரங்கா இருக்காதேன்னு சொன்னான் பாரு, அங்கதான் எனக்குக் கோவம்.

நான் சொல்லுதது நாட்டுக் குரங்கு. பாபநாசத்துல உன் கையில இருந்த பொட்டலத்தைப் பிடுங்கிட்டுப் போச்சே, அந்தச் சாதி. விந்தியத்துக்கு அந்தப் பக்கம் இருக்கது வேற, செம்முகக் குட்டைவால் சாதி. இது தெக்கத்தி இந்தியாவுல மட்டும்தான், உலகத்துல வேற எங்கயும் காட்டுல கிடையாது. உடம்பை விட வால் நீளம். உச்சந்தலையில சுழி போட்டு நாலாபக்கமும் முடி சரிஞ்சு கெடக்கும். போன மாசம் நீ காசு கொடுத்து வெட்டிக்கிட்டு வந்தியே, அதே வெட்டு.

அதோட கூட்டத்தை உக்காந்து பாரு, உன் ஆபீசு அப்படியே தெரியும். மந்திகதான் கூட்டத்தோட அஸ்திவாரம். பொறந்த கூட்டத்துலயே கடைசி வரைக்கும் இருக்கும், ஆத்தா பதவி எதுவோ அது மகளுக்கு வரும். கடுவன் வளர்ந்ததும் பெரும்பாலும் கூட்டத்தை விட்டு வெளிய போய், வேற கூட்டத்துல ஓரமா ஒட்டிக்கிட்டு, மெல்ல மெல்ல இடம் பிடிக்கணும். நீ நம்ம ஊரை விட்டுப் பெங்களூருக்குப் போன கதைதான். ஆனா ஒண்ணு, மத்த குரங்குச் சாதியை விட இதுல கடுவனுக்குள்ள சிநேகம் அதிகம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்லுதாங்க. கட்டிப்பிடிக்கும், ஒண்ணுக்கொண்ணு பேன் பார்க்கும், குளிர்ல ஒட்டி உக்காந்திருக்கும். பதவிக்குப் போட்டி உண்டு. ஆனா சாயங்காலம் சேர்ந்துதான் உக்காரும். உங்க ஆபீசுல ஒரே மேசையில உக்காந்துக்கிட்டு ஒருத்தனுக்கொருத்தன் மெயில் அனுப்புதீங்களாமே.

பேன் பார்க்குறதைச் சும்மா நெனைச்சிராதே. 1998-ல பெங்களூரு ஆராய்ச்சியாளர் அனிந்தியா சின்ஹா ஒரு விசயம் எழுதினார். ரெண்டு மந்தி உக்காந்து பேன் பார்த்துக்கிட்டு இருக்கு. ரெண்டுக்கும் மேல பதவியில இருக்க மூணாவது மந்தி பக்கத்துல வருது. ரெண்டுல ஒண்ணு எந்திரிச்சு எடத்தைக் காலி பண்ணணும். எது எந்திரிக்கும்? பெரும்பாலும் ரெண்டுல கீழ்ப்பதவிக்காரிதான் எந்திரிக்கும். மத்தவ அசையாம உக்காந்திருப்பா. இதுல என்ன இருக்குங்கியா? யோசிச்சுப் பாரு. வர்றவ தனக்கு மேலன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அப்படியிருந்தும் ஒருத்தி தைரியமா உக்காந்திருக்கான்னா, பக்கத்துல இருக்கவ தனக்குக் கீழங்கிற கணக்கும், அவதான் எந்திரிப்பாங்கிற கணக்கும் அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். தன் பதவி மட்டும் இல்ல, யாருக்கு யாரு மேலன்னு முழுப் பட்டியலும் மண்டைக்குள்ள இருக்கு. நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல எம்.டி. வந்தப்போ எல்லாருக்கும் முன்னால நீ எந்திரிச்சு நாற்காலியை விட்டியே, உன் பக்கத்துல இருந்தவன் ஆடாம உக்காந்திருந்தானே. இப்போ அவன் எங்க இருக்கான், நீ எங்க இருக்க?

இன்னொரு சோதனை நம்ம களக்காடு முண்டந்துறையிலயும் முதுமலையிலயும் நடந்தது. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன்னு ஆராய்ச்சிக்காரங்க. நெசமான உயரத்துக்குச் சிறுத்தைப் பொம்மை செஞ்சு, தீனி போடுற எடத்துல இருந்து 25 மீட்டர் தள்ளிப் புதருக்குப் பின்னால ஒளிச்சு வச்சுப் பார்த்தாங்க. முன்பாதி மட்டும் தெரியுற மாதிரி ஒரு தடவை, பின்பாதி மட்டும் தெரியுற மாதிரி ஒரு தடவை. புள்ளிச் சிறுத்தை, கருஞ்சிறுத்தைன்னு ரெண்டு நிறம். 2005-ல முடிவை வெளியிட்டாங்க. புள்ளியோட முகம் தெரிஞ்சா, மத்ததை விட வேகமா ஓட்டம். கருஞ்சிறுத்தையோட பின்பாதியை மட்டும் காட்டினப்போ ஒரு குரங்கு கூடச் சட்டை பண்ணல. தின்னுக்கிட்டே இருந்தது. எதுக்குப் பயப்படணும், எதைப் பார்த்து வாழைப்பழத்தை விட்டு எந்திரிக்க வேண்டாம்னு அதுக்கு ஒரு அளவு இருக்கு. நீ மேலதிகாரி கார் வாசல்ல நின்னாலே சோத்துப் பாத்திரத்தை மூடுதியாம். காருக்குள்ள அவர் இருக்காரான்னாவது மொதல்ல பாருலே.

கன்னத்துப் பை ஞாபகம் இருக்கா? கெடைச்ச நேரத்துல ரெண்டு கன்னத்துலயும் அடைச்சுக்கிடும், மெல்லுறது பெறவு, பத்திரமான கிளைக்குப் போயி. உங்க பாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சது, உங்க அப்பன் போஸ்ட் ஆபீசுல போட்டு வச்சது எல்லாம் அந்த வழிதான். சுறாவுக்குப் பை கிடையாது. கெடைச்சதை அப்பவே முழுங்கும், பெறவு அடுத்ததைத் தேடி ஓடும். உன் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்த பெறவு நீ எந்தச் சாதின்னு எனக்குச் சந்தேகமே இல்ல.

பந்திப்பூர்ல நடந்த கதையையும் கேட்டுக்க. அங்க ரோட்டோரக் குரங்கு சிலது கார்க்காரனைப் பார்த்து மெதுவா 'கூ'ன்னு ஒரு சத்தம் கொடுக்கும், கையை நீட்டும், அவன் தன்னைப் பார்க்கானான்னு கவனிக்கும். காட்டுக்குள்ள பதறினா எழுப்புற சத்தம் வேற, மனுசன்கிட்ட கேக்குற சத்தம் வேற. 2018-ல இதையும் ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதிட்டாங்க, அந்த சின்ஹா கூட்டத்துக்காரங்கதான். பாரு, பிடுங்கத் தெரிஞ்ச சாதி, கேக்கவும் ஒரு முறை கத்துக்கிட்டு வந்திருக்கு. நீ அஞ்சு வருசமா ஒரே நாற்காலியில இருக்க. பதவி உயர்வு வேணும்னு வாயைத் திறந்து ஒரு 'கூ' கொடுத்தியா? கொடுக்கல. மனசுக்குள்ள சுறா, வெளிய வாயில்லாப் பூச்சி.

ஆத்தா விசயத்துக்கு வந்தா ரெண்டும் ஏணி வச்சாலும் எட்டாது. பால்சுறா வயித்துக்குள்ளயே நஞ்சுக்கொடி கட்டிப் பிள்ளையை வளர்க்கிற சாதி. முட்டை போட்டுட்டுப் போறதில்ல. சுமார் ஒரு வருசம் சுமக்கும், மனுசியை விட ரெண்டு மூணு மாசம் கூட. ஒரு ஈத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு குட்டி சாதாரணம், எட்டு வரைக்கும் போகும். குட்டி பொறக்கும்போதே ஒரு முழத்துக்குப் பக்கம் இருக்கும். பொறந்த அடுத்த நிமிசம் ஆத்தா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பெரிய சுறா தின்னாலும் தின்னும், பொழைச்சாப் பொழைச்சது. நம்ம மந்தி சுமக்குறது அஞ்சரை மாசம்தான். ஆனா பெத்த பெறவுதான் சுமையே. வயித்துல தொங்கவிட்டுக்கிட்டு மரம் மரமா ஏறும். ஒரு தாயைத் தெரிஞ்சுக்கணும்னா இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாப் போதும்னு உங்க பாட்டி சொல்லுவா. நான் சொல்லுவேன், உங்க அம்மை சுறா மாதிரி ஒரு வருசம் சுமந்த கோவத்தோட, மந்தி மாதிரி இன்னும் உன்னை எறக்காம வச்சிருக்கா. போன் எடுக்கலன்னா எத்தனை தடவை அடிக்கான்னு எண்ணிப் பாரு.

இந்த எடத்துல ஒண்ணைச் சொல்லிக்கிடுதேன், சத்தமாச் சொல்ல முடியாது, உங்க பாட்டி அடுப்படியில இருக்கா. உன் பெண்டாட்டிக்கு மாசம் நெருங்குது. இவ இப்பவே உவரிக்காரன்கிட்ட பால்சுறாவுக்குச் சொல்லி வச்சுட்டா. ஆனா அமெரிக்கச் சர்க்காரோட உணவு, மருந்து நிர்வாகம் இருக்கே, அது கர்ப்பிணியும் பால் கொடுக்கிறவளும் சுறாவைத் தவிர்க்கணும்னு பட்டியல் போட்டிருக்கு. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை அதைவிடப் பெரிசு தின்ன, கடல்ல கலந்த பாதரசமெல்லாம் மேல போய் வேட்டை மீனோட சதையில சேர்ந்துருதாம். நம்ம பால்சுறா சின்னச் சாதிதான், பெரிய சுறா அளவுக்குச் சேராது. இருந்தாலும் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. கேட்டதை உங்க பாட்டிகிட்டச் சொல்லுறது உன் பொறுப்பு. சுறாவா இருக்கணும்னு வந்தவன்தானே நீ, அவ முன்னால போய் நின்னு சொல்லு பார்ப்போம்.

பயத்தைப் பத்தி ஒரு கணக்கு. உலகம் முழுக்கச் சுறா தானா வந்து மனுசனைக் கடிக்கிறது வருசத்துக்குச் சராசரியா 60, 70 தடவை. சாவு அதுல ரொம்பக் கொஞ்சம். மனுசன் கொல்லுற சுறா? 2013-ல ஒரு கணக்குப் போட்டாங்க, வருசத்துக்குச் சுமார் 10 கோடி. அந்த வம்சம் 40 கோடி வருசத்துக்கு முந்தினது, பூமியில மரம்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாலயே நீந்திக்கிட்டு இருந்தது. சீனியாரிட்டின்னு பார்த்தா அதுக்கு மேல ஆள் கிடையாது. ரிட்டயர் பண்ணி வச்சோம், ஒரு தட்டுச் சூப்புக்குத் துடுப்பை அறுத்துட்டு. நம்ம நாட்டுல துடுப்பை ஏற்றுமதி செய்யக் கூடாதுன்னு 2015-லதான் தடை வந்தது.

அதைவிட வேடிக்கை டர்பன்ல. தென்னாப்பிரிக்காவுல அந்தக் கரையில குளிக்க வர்றவங்களுக்காக 1952-ல இருந்து வலை கட்டிப் பெரிய சுறாவைக் கொன்னுக்கிட்டு வந்தாங்க. பெரிசு கொறைஞ்சது. அது தின்னுக்கிட்டு இருந்த நம்ம பால்சுறா அங்க பெருகிப் போச்சு. ஆபீசுல மேல இருக்க நாலு பேரை ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு பார்த்திருப்பியே. பால்சுறாவுக்குப் பதவி வரும். அதுக்கு அது எந்த வகுப்புக்கும் போயிருக்காது.

குரங்கை மட்டும் என்ன வாழ வச்சோம்? சனிக்கிழமை தேங்காயும் பழமும் வச்சுக் கும்புடுவான், ஞாயித்துக்கிழமை ஓடு உடைஞ்சதுன்னு பட்டாசு போடுவான். எங்க பார்த்தாலும் குரங்குன்னு எல்லாரும் புலம்புதோம். தெற்குக் கர்நாடகத்துல எண்ணிப் பார்த்தவங்க 2017-ல எழுதினது என்னன்னா, 25 வருசத்துல 65 சதவீதத்துக்கு மேல கொறைஞ்சு போச்சு. இது நடுக்காட்டுச் சாதி இல்லலே. கோயிலும், ரோட்டோர ஆலமரமும், அத்தி மரமும்தான் இதோட வீடு. ரோட்டை அகலப்படுத்துறோம்னு ரெண்டு பக்கமும் மரத்தைச் சாய்ச்ச பெறவு அது எங்க போகும்? உன் ஓட்டு மேலதான் வரும். வந்தா "குரங்கு பெருத்துப் போச்சு"ங்கோம். வடக்க இருந்து அந்தக் குட்டைவால் சாதி வேற எறங்கி வந்து எடத்தைப் பிடிக்குது.

உலக அளவுல எந்த உயிர் எந்த நெலையில இருக்குன்னு சிவப்புப் பட்டியல் ஒண்ணு வச்சிருக்காங்களே, அதுல பால்சுறா எந்தப் படியில, நாட்டுக் குரங்கு எந்தப் படியில இருக்குன்னு உன் தங்கச்சிகிட்டக் கேட்டேன். ரெண்டும் ஒரே படியாம். அழியுற ஆபத்துல இருக்க முதல் படி. அவன் ஒண்ணை மேல தூக்கி ஒண்ணைக் கீழ போட்டான், பட்டியல் போட்டவன் ரெண்டையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சிருக்கான்.

பழைய கதையிலயும் இந்த ரெண்டும் ஒரு தடவை சந்திச்சிருக்கு, ஏறத்தாழ. பஞ்சதந்திரத்துல கடலோரத்து நாவல் மரக் குரங்கும் கடல்ல இருந்து வர்ற மகரமும். நம்ம வாத்தியார் அதை முதலைன்னு சொல்லிக் கொடுத்தார், நீங்களும் அப்படித்தான் படிச்சிருப்பீங்க. பல்லு அதுக்குத்தான் இருந்தது, பலமும் அதுக்குத்தான் இருந்தது. குரங்கு என்ன செஞ்சது? 'ஈரக்கொலையை மரத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிக் கரையேறிருச்சு. ரெண்டு நாள் வகுப்புல அவன் சொல்லாத பாடம் ஒரு வரியில இருக்கு. ஞாயித்துக்கிழமை வேலைக்கு வரச் சொல்லி உன் மேலதிகாரி கூப்பிட்டா லேப்டாப்பை ஊர்லயே வச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லிப் பாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதே.

அப்போ உனக்கு வகுப்பு எடுத்தவன் எந்தச் சாதின்னு கேக்கியா? சுறாவும் இல்ல, குரங்கும் இல்லலே. சுறா வயித்துக்கு அடியில ஒட்டிக்கிட்டே ஊர் ஊராப் போற ஒட்டு மீன் ஒண்ணு இருக்கு. முதுகுத் துடுப்பே மாறி, அதோட உச்சந்தலையில தட்டையா ஒரு உறிஞ்சு பட்டை ஆகிருக்கும். பாடுபட்டு நீந்துறது சுறா. போக்குவரத்துச் செலவு மிச்சம், சிந்துற சாப்பாடும் மிச்சம். அவன் தலையில முடி அடர்த்தியா வச்சிருந்தானா? நல்லாப் பார்த்தியா?

அடுத்த மாச வகுப்புல கழுகாம்லே, உங்க அம்மை சொன்னா. கழுகு 40 வயசுல மலை உச்சிக்குப் போயி அலகைப் பாறையில அடிச்சு உடைச்சுக்கிட்டு, புதுசு மொளைக்கிற வரைக்கும் காத்திருந்து மறுபிறவி எடுக்கும்னு போன்ல எல்லாரும் அனுப்புதாங்களே, அந்தக் கதையைத்தான் சொல்லுவான். அலகு போன கழுகு புது அலகு வர்றதுக்குள்ள பட்டினியில செத்துரும்னு உன் தங்கச்சி சொல்லுதா. விவரமா அப்போ பேசுவோம். வரும்போது அம்பாசமுத்திரத்துல எறங்கி நல்ல கொழுந்து வெத்தலையா ரெண்டு கவுளி வாங்கிட்டு வா. பாக்கு வேண்டாம், கடிக்கப் பல்லு இல்ல.